அனிமேட்டர் அம்மாவின் ஆங்கிலம்

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னணியில் மாடு கத்துகிறது, யாரோ பம்ப் செட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். விஷயம் இதுதான். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அங்கே பாடம், புத்தகம், தேர்வு எல்லாமே ஆங்கிலம். முதல் செமஸ்டரிலேயே இரண்டு பேப்பர் அரியர். யாரோ சொன்னார்கள் என்று தடிமனான ‘வொக்காபுலரி’ புத்தகம் ஒன்றை வாங்கி, தினம் முப்பது வார்த்தை என்று இரவு பதினோரு மணி வரை மனப்பாடம் செய்கிறாள். காலையில் கேட்டால் நாலு வார்த்தைதான் மிச்சம்.

“எனக்கு மண்டையில ஏறலம்மா, நான் நின்னுக்கறேன்னு அழுவுறா சார். குழுவுல லோன் சாங்ஷன் ஆகி அதுலதான் ஃபீசு கட்டினேன். நான் பதினெட்டு வருசம் அனிமேட்டரா இருந்தவ. ஆனா எனக்கு இங்கிலீசு தெரியாது, அவளுக்கு எப்படிச் சொல்லித் தர்றது? வேற நல்ல புக்கு இருந்தா பேர் சொல்லுங்க, வாங்கித் தந்துடறேன்.”

வேறு புத்தகம் வேண்டாம் அம்மா. வாங்கிய புத்தகத்தையும் கொஞ்ச நாள் பரணில் போடுங்கள்.

இதைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம். மாநிலம் 80-ஐத் தொட்டிருந்தபோது, தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடைசி இடம் இதற்குத்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கல்லூரி வரை வந்துவிட்ட ஒரு பெண், இயற்பியலோ வேதியியலோ புரியாமல் இல்லை, அதைச் சொல்லும் மொழி புரியாமல் திரும்பிப் போவது எவ்வளவு பெரிய நஷ்டம்! இந்தப் பெண் ஒருத்தி மட்டும் இல்லை. இதைப் படிக்கும் பல வீடுகளில் இதே முப்பது வார்த்தைக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

முப்பதில் ஏன் நாலு?

முதலில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்: மண்டையில் கோளாறு இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர், தன்னையே சோதனைக்கு வைத்துக்கொண்டு, அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். மறுபடி படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, எவ்வளவு மறந்தது என அளந்தார். 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே கரைந்திருந்தது. படித்த பேராசிரியருக்கே அந்தக் கதி.

வார்த்தைப் பட்டியலும் கிட்டத்தட்ட அர்த்தமில்லாத அசைதான். முன்பின் பார்த்திராத ஒரு சொல், எதிரே ஒரு வரி அர்த்தம், அடுத்த சொல். ஊர் பேர் தெரியாத முப்பது பேரை வரிசையில் நிறுத்தி, “இவர் பேர் இது, அவர் பேர் அது” என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால் நமக்கு எத்தனை பேர் நினைவில் இருப்பார்கள்? ஒருவர் நம்மிடம் கடன் வாங்கியிருந்தால் அவர் பெயர் மட்டும் மறக்காது!

இதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த முப்பது சொற்களும் அவளுக்குத் தேவையே இல்லாதவை. 2017-ல் சசி தரூர் ட்விட்டரில் ‘ஃபராகோ’ என்று ஒரு சொல்லைப் போட, நாடே அகராதியைப் புரட்டியது. அடுத்த ஆண்டு அவர் 29 எழுத்து கொண்ட ஒரு சொல்லை எடுத்து விட்டார். அதைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்த பெற்றோர் நம்மில் உண்டு. விளையாட்டுக்கு நல்லதுதான். ஆனால் ‘உயர்ந்த ஆங்கிலம்’ என்றால் யாருக்கும் தெரியாத சொல் என்று ஒரு நம்பிக்கை இதனால் வந்துவிட்டது. பெரிய சொல் புத்தகங்களின் வியாபாரமே அந்த நம்பிக்கைதான்.

பி.எஸ்சி. புத்தகத்தில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். ‘அஸ்யூம் தட் த டெம்பரேச்சர் ரிமெய்ன்ஸ் கான்ஸ்டன்ட்.’ இதில் டெம்பரேச்சர் அவளுக்குத் தெரியும். காய்ச்சல் வந்த நாளிலிருந்து தெரியும். அவளை நிறுத்துவது அஸ்யூம், கான்ஸ்டன்ட் என்ற இரண்டும்தான். வெப்பநிலை மாறாமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று தமிழில் சொன்னால் அடுத்த நொடி கணக்கைப் போட்டுவிடுவாள்.

இந்த மாதிரி சொற்களை எண்ணிப் பட்டியல் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதன் ஆரம்பக் கதை நம் பக்கத்து வங்காளத்தில் நடந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தை நிம்மதியாக வாசிக்க முடியாமல் பள்ளியை விட்டுப் போவதைப் பார்த்தார். 1926-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, எந்தச் சொல்லை முதலில் கொடுக்கிறோம் என்பதில்தான் என்றது அவர் வழி. 1935-ல் அவர் பங்களிப்போடு வந்த ஓர் அகராதி, வெறும் 1,490 சொற்களைக் கொண்டே மற்ற எல்லாச் சொற்களையும் விளக்கியது. 1953-ல் அவர் வெளியிட்ட அடிப்படைப் பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். சாதாரண ஆங்கிலப் பக்கம் எதை எடுத்தாலும் நாலில் மூன்று பங்குக்கு மேல் இந்த 2,000-க்குள் அடங்கிவிடும். பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்த பிள்ளைக்கு இதில் பெரும்பகுதி தெரிந்தே இருக்கும்.

அதற்கு மேல் என்ன? 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவ்ரில் காக்ஸ்ஹெட், பல துறைக் கல்லூரிப் புத்தகங்களை அலசி, வெஸ்ட் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தனியே பிரித்தார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள். அஸ்யூம், கான்ஸ்டன்ட், இன்டிகேட், எவிடன்ட், சிக்னிஃபிகன்ட், கான்சீக்வென்ட் எல்லாம் இதில்தான். கல்லூரிப் பாடநூல்களில் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் இந்தக் கூட்டத்திலிருந்து வருகிறது. ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’ என்று போனில் தேடினால் இலவசமாகவே கிடைக்கும்.

570-ஐ தினம் ஐந்தாகப் பிரித்தால் 114 நாள். ஒரு செமஸ்டருக்குள் முடிகிற வேலை.

அம்மா சொன்ன பதினைந்து சொல்

‘எனக்கு இங்கிலீசு தெரியாது’ என்று சொன்ன அந்தக் குரல் பதிவை மறுபடி ஓடவிட்டு, அதில் வந்த ஆங்கிலச் சொற்களைக் குறித்துக்கொண்டேன். லோன், சாங்ஷன், ஃபீஸ், செமஸ்டர், பேப்பர், அரியர், மீட்டிங், டெபாசிட், அனிமேட்டர், ஸ்காலர்ஷிப்... பதினைந்தைத் தாண்டியது. ஒன்றைக்கூட அவர் தப்பான இடத்தில் போடவில்லை.

அதில் ‘அனிமேட்டர்’ என்ற சொல்லைச் சென்னையில் யாரிடமாவது சொன்னால், கம்ப்யூட்டரில் கார்ட்டூன் படம் செய்கிறவர் என்று நினைப்பார்கள். தர்மபுரியில் அப்படி இல்லை. சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு மகளிர் சுய உதவிக் குழுத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியது 1989-ல், இதே தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் இதோடு சேர்ந்திருந்தது. பிறகு வேறு சில மாவட்டங்களுக்குப் போய், தொண்ணூறுகளின் இறுதியில் ‘மகளிர் திட்டம்’ என்று மாநிலம் முழுவதும் பரவியது. குழுவை நடத்துகிற பெண்ணுக்கு அனிமேட்டர் என்று பெயர். கூட இருப்பவருக்கு ரெப்ரசன்டேடிவ். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பெண்கள்கூட இந்தச் சொற்களை நாக்கு பிறழாமல் சொன்னார்கள். வங்கியில் மேனேஜர் எதிரே உட்கார்ந்து “எப்ப சார் சாங்ஷன் ஆவும்?” என்று கேட்டார்கள். யாரும் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

இந்த அனிமேட்டர் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். லத்தீனில் ‘அனிமா’ என்றால் மூச்சு, உயிர். ‘அனிமஸ்’ என்றால் மனம். உயிருள்ளது அனிமல். அசையாத ஓவியத்துக்கு உயிர் கொடுப்பது அனிமேஷன். ஒரு குழுவுக்கு உயிர் கொடுப்பவர் அனிமேட்டர். உயிரில்லாத கல்லும் மண்ணும் இன்அனிமேட்.

இப்போது கல்லூரிச் சொற்களுக்கு வருவோம். ‘யூனானிமஸ்’. ‘யூன’ என்றால் ஒன்று. ஒரே மனம். குழுவில் தீர்மான நோட்டில் என்ன எழுதுவீர்கள்? ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.’ அச்சு அசல் அதே சொல்! ‘மேக்னானிமஸ்’: மேக்னா என்றால் பெரிய. பெரிய மனசு. “பெரிய மனசு பண்ணி இந்த ஒரு தவணையை விடுங்க” என்று கேட்கிறோமே, அதேதான். ‘ஈக்வனிமிட்டி’: ஈக்வல் தெரியும் அல்லவா, சமமான மனம், நல்லது கெட்டது இரண்டிலும் ஆடாத மனம். ‘அனிமாசிட்டி’ மட்டும் கொஞ்சம் தடம் மாறிப் பகை, வன்மம் என்ற பக்கம் போய்விட்டது. மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நாம் சொல்வதை நினைத்துக்கொண்டால் இதுவும் ஒட்டிக்கொள்ளும்.

பெரிய சொல் புத்தகங்களில் இவை எல்லாம் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் இருக்கும். அம்மா பதினெட்டு வருடமாக இவற்றின் தாய்ச்சொல்லைப் பதவியாகவே சுமந்திருக்கிறார்.

சாங்ஷன் இன்னும் சுவாரசியம். வங்கி சாங்ஷன் செய்தால் அனுமதி. செய்தியில் ‘அந்த நாட்டின் மீது சாங்ஷன்’ என்று வந்தால் தடை. ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள். லத்தீன் வேரில் இது மீறக்கூடாது என்று புனிதமாக்கிச் சட்டம் வைப்பது. சட்டம் அனுமதிக்கவும் செய்யும், தண்டிக்கவும் செய்யும். அதனால் இரண்டு பொருளும் வந்தன. புனிதர் என்று பொருள் தரும் செயின்ட்டும் இதே குடும்பம். யாரும் கை வைக்கக்கூடாத புனித இடம் சாங்க்சுவரி. தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேர்த்து 2022-ல் ‘காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்’ அறிவித்தார்களே, அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இந்தச் சொல்தான். வங்கிக் கடனும் காட்டு யானையும் ஒரே வேரில்!

வேலையோடு வந்த சொல் நிற்கும் என்பதற்கு இதே மண்ணில் இன்னொரு பழைய சாட்சி இருக்கிறது. அதில் மாணவர் நாம் இல்லை, வெள்ளைக்காரர். 1792-ல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய தர்மபுரி கிருஷ்ணகிரி வட்டாரம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. நிர்வாகத்துக்கு கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், உதவியாளர்களில் ஒருவராகத் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். இருவரும் ராணுவக்காரர்கள். வரி வசூல் வேலைக்குச் சிவில் அதிகாரிகளை விட்டுவிட்டு இவர்களை ஏன் அனுப்பினார்கள் தெரியுமா? மெட்ராஸில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழிகள் தெரியவில்லை. இவர்களுக்குத் தெரிந்தது. மன்றோ 1799 வரை இந்தப் பக்கம் இருந்தார். நிலம் நிலமாக அளந்து, விவசாயியோடு நேரடியாகப் பேசி வரி போடும் முறை இங்கேதான் உருப்பெற்றது. பட்டா, ஜமாபந்தி, தாசில்தார் எல்லாம் ஆங்கில ஆவணங்களுக்குள் நுழைந்தன. இந்தியா முழுவதிலுமிருந்து அப்படிச் சேர்ந்த சொற்களை விளக்கவே 1855-ல் ஹெச்.ஹெச். வில்சன் ஒரு பெரிய சொற்களஞ்சியம் தொகுக்க வேண்டியிருந்தது! மன்றோ பின்னாளில் மெட்ராஸ் கவர்னர் ஆனார். சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் சிலையாக நிற்பவர் அவர்தான். தர்மபுரிக்கு வந்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். கல்லூரி மாணவிக்கு வயது பதினெட்டு.

தமிழ் வழி பலமா, பலவீனமா?

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். சொல்லிவிடுகிறேன். அறிவியல் தமிழில் படித்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தின் பெரிய சொற்களை உடைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில வழிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை.

ஃபோட்டோசிந்தசிஸ் என்பதை ஆங்கில வழிப் பிள்ளை முழு ஓசையாக விழுங்குகிறது. தமிழ் வழிப் பிள்ளை ‘ஒளிச்சேர்க்கை’ என்று படித்திருக்கிறாள். ஃபோட்டோ என்றால் ஒளி, சிந்தசிஸ் என்றால் சேர்க்கை. கிரேக்கத்தை அப்படியே தமிழில் பிரித்து வைத்துவிட்டார்கள். டெலஸ்கோப்: தொலை, நோக்கி. மைக்ராஸ்கோப்: நுண், நோக்கி. தெர்மாமீட்டர்: வெப்ப, மானி. ஆன்டிபயாட்டிக்: எதிர், உயிரி. பாலிமர்: பாலி என்றால் பல, ஆகவே பலபடி. நம் கலைச்சொல் ஆக்கியவர்கள் சொல்லைப் பிளந்து உள்ளே இருப்பதைப் பார்த்து மொழிபெயர்த்தார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

அந்தப் பெண்ணைப் பழைய ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். கலைச்சொல் அட்டவணையில் தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் துண்டு துண்டாகப் பொருத்திப் பார்த்தால், பாலி, மோனோ, டெலி, மைக்ரோ, ஆன்டி, பயோ, சின் என்று ஒரு டஜன் சாவிகள் கையில் வந்துவிடும். மோனோ என்றால் ஒற்றை என்று வேதியியலில் தெரிந்தவளுக்கு, பொருளாதாரத்தில் மோனோபொலி வந்தால் ‘ஏகபோகம்’ என்று பிடிபடும்.

அமெரிக்கரான நார்மன் லூயிஸ் 1949-ல் எழுதி, இன்றும் நம் ஊர் நடைபாதைக் கடை வரை விற்கும் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ புத்தகத்தின் அடிப்படையும் இந்த வேர் வழிதான். நல்ல புத்தகம். ஆனால் அதைத் தொட இரண்டாம் வருடம் வரை பொறுக்கலாம்.

வேர் சில சமயம் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேனுஃபேக்சர் என்றால் வேரின்படி ‘கையால் செய்வது’. இன்று எல்லாமே எந்திரம். ‘டெரிஃபிக்’ ஒரு காலத்தில் பயங்கரம், இன்று பாராட்டு. (நாமும் “படம் பயங்கரமா இருக்கு” என்று பாராட்டுகிறவர்கள்தானே!) ஹிப்போபொட்டாமஸில் கிரேக்கர்கள் பார்த்தது ஆற்றுக் குதிரை. நாம் அதே பிராணியைப் பார்த்து நீர்யானை என்றோம். அதனால் வேரை வைத்து ஊகிக்கலாம், பிறகு வாக்கியத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சொல்லுக்கும் சேர்க்கை உண்டு

ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்தால் பாதிதான் தெரிந்தது. அது யாரோடு சேரும் என்பது மீதி. மழை என்றால் கனமழை, காற்று என்றால் பலத்த காற்று, குளிர் என்றால் கடும் குளிர். பலத்த குளிர் என்றோ கனக் காற்று என்றோ நாம் சொல்வதில்லை. இலக்கணம் தடுக்கவில்லை, காதுதான் தடுக்கிறது. ஆங்கிலத்திலும் மழைக்கு ஹெவி, காற்றுக்கும் டீக்கும் ஸ்ட்ராங். டிசிஷன் என்றால் மேக், ரிஸ்க் என்றால் டேக், அட்டென்ஷன் என்றால் பே. இன்டர்வியூவில் பெரிய சொல் போட்டும் பலர் தடுமாறுவது இந்த இடத்தில். சொல் சரி, பக்கத்தில் இருப்பது தப்பு.

அதனால் நோட்டில் ஒற்றைச் சொல்லாக எழுதவே கூடாது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். ஒரு பக்கம் சொல், அதைப் பார்த்த பாடநூல் வாக்கியத்தோடு. மறுபக்கம் அந்த இடத்துக்குப் பொருந்தும் ஒரே ஒரு தமிழ்ப் பொருள், கூடவே வரும் இரண்டு சொல், கடைசியில் தன் வீட்டைப் பற்றித் தானே எழுதிய ஒரு வாக்கியம். ‘சிக்னிஃபிகன்ட்’ என்றால், தக்காளி விலை போன மாதத்தைவிடக் கணிசமாக ஏறியது என்று ஆங்கிலத்தில் எழுதட்டும். பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய் வந்தவளுக்கு அந்த வாக்கியம் சீக்கிரம் மறக்காது.

தினம் ஐந்து அட்டை. சொல்லைப் பாடப் புத்தகத்திலிருந்தே எடுக்க வேண்டும், அது 570-ல் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்க்கலாம். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து அட்டையைப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் வாசிப்பது இல்லை. மறுபக்கத்தை மூடிக்கொண்டு நினைவுக்குக் கொண்டுவருவது. ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் இதற்கு ஒரு பெட்டி முறையே சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு முன்னேறும், தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்குத் திரும்பும். வீட்டில் மூன்று பழைய டப்பா இருந்தால் போதும். இதையே செய்யும் ஆப்களும் போனில் உண்டு. ஆனால் கையால் எழுதியது கூடுதலாக நிற்கிறது என்பது என் அனுபவம்.

அம்மா, இங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. அட்டையின் தமிழ்ப் பக்கத்தை நீங்கள் வாசியுங்கள், ஆங்கிலத்தை அவள் சொல்லட்டும். அடுப்படியில் இருந்தபடியே செய்யலாம். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

எடிட்டோரியல் படிக்கச் சொல்லும் மாமாக்கள்

உறவில் ஒரு மாமா கட்டாயம் இருப்பார். “தினமும் இங்கிலீஷ் பேப்பர் எடிட்டோரியல் படி, தானா வந்துடும்” என்பார். வராது. மொழி கற்றலை ஆராய்ந்த பால் நேஷன் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார். நாவலும் நாளிதழும் உதவியின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நூறு சொல்லுக்கு 98 தெரிந்ததாக இருக்கும். அதற்குக் கீழே போனால் வாசிப்பு நடக்காது, அகராதி புரட்டல்தான் நடக்கும்.

இதை வீட்டுக் கணக்காக்கினால், சுமார் 250 சொல் உள்ள ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். கூச்சப்படாமல் கீழே இறங்கலாம். சிறுவர் கதைப் புத்தகம்கூட எடுக்கலாம். கல்லூரியில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

நாளிதழ்தான் வேண்டும் என்றால் ஒரு குறுக்குவழி சொல்கிறேன். ஒகேனக்கல்லில் நீர்வரத்து எவ்வளவு, நேற்றைய கிரிக்கெட்டில் யார் ஜெயித்தார்கள் என்பதை முதலில் தமிழில் படித்துவிட வேண்டும். அதே செய்தியைப் பிறகு ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால், தெரியாத சொல் தானாகவே அர்த்தத்தைக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழ் படித்து வளர்ந்த பிள்ளைகள் தர்மபுரிப் பக்கம் நிறைய. அவர்கள் சின்ன வயதிலேயே இப்படித்தான் செய்தார்கள். தெரிந்த விஷயம், புது மொழி.

அகராதி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம்-தமிழுக்கு, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அறுபதுகளில் வெளியிட்ட அகராதியை இன்று போனிலேயே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சொல்லுக்கு ஏழெட்டுத் தமிழ்ப் பொருள் வரிசையாக வரும். முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடாமல், பாட வாக்கியத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலம்-ஆங்கிலத்துக்கு, பெயரில் ‘லேர்னர்ஸ்’ என்று இருக்கும் அகராதியாக வாங்குங்கள். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானிய மாணவர்களுக்காக 1942-ல் டோக்கியோவில் உருவாக்கியதுதான் பிறகு ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதி ஆனது. நம்மைப் போல வெளியிலிருந்து மொழிக்குள் வருகிறவர்களுக்காகவே எழுதப்பட்டது. விளக்கங்கள் எளிய சொற்களில் இருக்கும், எந்தச் சொல் எதோடு சேரும் என்பதும் இருக்கும்.

அரியர் இரண்டைப் பற்றியும் அந்த அம்மா கேட்டிருந்தார். அடுத்த தேர்வுக்கு அந்த இரண்டு பாடங்களின் புத்தகங்களிலிருந்தே முதல் நூறு அட்டைகளை எழுதச் சொல்லுங்கள். மொத்தப் பட்டியலும் முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடமே போகாத பாட்டியோ தாத்தாவோ சரளமாகப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் ஒன்றை, அவர்கள் உச்சரிக்கிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் அதில் ஒன்றை எடுத்து, அதன் சொந்தபந்தம் யார் யார் என்று பார்ப்போம்.